பாறைக்கு மேலே ஒன்பது அடி

யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் முதலில் கழுத்து வியர்க்கும். பதில் அப்புறம்தான் வரும், பல நேரம் வராமலே போய்விடும். அதனால் தர்மபுரியில் வீட்டு பிளான் போடும் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை எனக்கு ஒத்துப்போயிற்று. வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் இன்ஜினியர். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரைதான். வீட்டைச் செங்கல் இல்லாமல் திரைக்குள் கட்டிப் பார்க்கும் மென்பொருளை அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வயதில் என்னைவிட மிகவும் சின்னவர், வார்த்தைக்கு வார்த்தை "அக்கா" என்பார்.

அந்த மென்பொருளில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஓர் அறையின் மேல்தளத்தைச் சொடுக்கினால் போதும், அதன் உயரம் தானாகவே ஒரு சின்னக் கட்டத்துக்குள் வந்து உட்காரும். யாரும் கேட்காமலே எல்லா அறையிலும் போய் நின்று கூச்சமில்லாமல் உயரத்தைச் சொல்லும். அந்தக் கட்டத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. எங்கிருந்து எண்ணிச் சொல்கிறது என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை.

கடத்தூர்ப் பக்கமிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீடு கட்ட வந்தார்கள். மனையில் ஒரு பக்கம் பெரிய பாறை. வெடி வைத்து எடுத்துவிடலாமே என்று இன்ஜினியர் கேட்டார்.

"வேணாமுங்க. பக்கத்துலயே கெணறு. வெடி வெச்சா ஊத்து வேற பக்கம் திரும்பிக்கும். தண்ணி இல்லாத வூட்ட வெச்சு என்ன பண்றது?" என்றார் அண்ணன்.

அதனால் பாறையை அப்படியே விட்டு, அதன் தலையில் கான்கிரீட் போட்டுச் சமன் செய்து ஓர் அறை, கீழே கூடமும் இன்னோர் அறையும் என்று முடிவாயிற்று. கூடத்திலிருந்து பாறை அறைக்கு ஆறு படி ஏறவேண்டும். மேலே மட்டும் மொத்த வீட்டுக்கும் ஒரே மட்டத்தில் தளம். பாறை அறை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. நிலமானாலும் மாட்டுக்கொட்டகையானாலும் மேட்டுப் பக்கம் மூத்தவருக்கு என்பது அவர்கள் குடும்ப வழக்கம்.

ஆண்கள் இருவரும் இன்ஜினியரோடு பேசிக்கொண்டிருக்க, அண்ணனின் மனைவி என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் ஆபீஸ் பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஏறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"ஏங்கண்ணு, ஆறு படிதானா? நாலா கொறைக்க முடியாதா?"

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"ஏறிக்குவேன். எறங்கறப்பதான் முட்டியில உசுரு போவுது. பாத்ரூம வேற கீழ வெச்சிருக்கீங்க."

கீழ் அறையே போதும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லலாமே என்று மெதுவாகக் கேட்டேன்.

"எவருகிட்ட? அவருகிட்டயா? மேட்ட விட்டு எறங்குனா ஊரு என்ன பேசும்பாரு. எனக்காக எறங்குனாலும் எறங்குவாரு. எறங்கிட்டு, தம்பிக்கு விட்டுக்குடுத்துட்டேன்னு நான் கண்ண மூடுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. அதுக்குப் படியே ஏறிக்கலாம்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, திரையில் அந்த ஆறு படிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் முட்டியும் லேசாக வலிப்பதுபோல இருந்தது. மனையை நான் பார்த்ததில்லை. பாறையைவிட அந்த அம்மாவின் முட்டிதான் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பிளானைப் பார்க்க அடுத்த முறை நான்கு பேருமே வந்தார்கள். தாளை மேசையில் விரித்தோம். தம்பி விரல் வைத்துப் படித்தார்.

"அண்ணா, எல்லா ரூமும் பன்னண்டு அடி. பஸ்ஸையே உள்ள நிறுத்தலாம்."

அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. இன்ஜினியரும் உற்சாகமாகி, வீட்டுக்குள் நடந்து போவதுபோலத் திரையில் காட்டினார். கூடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பாறை அறைக்குள் நுழைந்ததும் காட்சி தரையோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னல் எங்கோ மேலே போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடம்தான் நன்றாகத் தெரிந்தது.

"இது யாரு கண்ணுல பாக்கறதுங்க? ஆட்டுக்குட்டியா?" என்று தம்பியின் மனைவி கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் மட்டும் என் கட்டங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கழுத்து நனைந்தது.

விஷயம் இதுதான். நடக்கிற கண்ணும் சரி, உயரம் சொல்கிற கட்டமும் சரி, கூடத்துத் தரையிலிருந்துதான் எண்ணின. பாறை அறையில் தரையே மூன்று அடி மேலே வந்துவிட்டது அவற்றுக்குத் தெரியாது. இன்ஜினியர் சொல்லச் சொல்ல, அவரவர் நிற்கும் தரையிலிருந்து எண்ணும்படி அங்கேயே மாற்றினேன். கூடத்துக்குப் பன்னிரண்டு. கீழ் அறைக்குப் பன்னிரண்டு. பாறை அறைக்கு ஒன்பது. புதுத் தாள் பிரிண்டரிலிருந்து வந்து விழுந்தபோது இன்ஜினியருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். எப்போதும் இப்படித்தான், வேண்டிய நேரத்தில் அவர் போனோடு போய்விடுவார்.

அண்ணன் தாளைக் கையில் எடுத்தார்.

"பாத்துட்டு இருக்கறப்பவே மூணு அடி போயிருச்சே."

"போவுலண்ணா. உங்க காலுக்குக் கீழதான் இருக்குது."

"காலுக்குக் கீழ இருக்கறத வெச்சு நான் என்னடா பண்றது? என் ரூமுக்கு மட்டும் தளத்தத் தூக்கச் சொல்லு."

"தூக்குனா சேர்ற எடத்துல ஒழுகும்னு அன்னிக்கே இன்ஜினியர் சொன்னாரில்ல?"

"ஒழுகுனா ஒழுகட்டும். நான் தாங்கிக்கறேன்."

"நீங்க எங்க மாமா தாங்கறது? அது எங்க ரூமுக்குள்ள இல்ல ஒழுகும்?" என்றார் தம்பியின் மனைவி.

அண்ணன் மீசையைத் தடவினார். அதுவரை வாய் திறக்காத அவர் மனைவி தாளை வாங்கி, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"ஏங்க, இந்தப் பன்னண்டு யாரு ரூமு?"

"தம்பி ரூமு."

"ஓ. பெரியவங்களுக்கு ஒம்பது, சின்னவங்களுக்குப் பன்னண்டா. செரி செரி. உங்க மச்சான் வந்து கேட்டா நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"மேட்டுப் பக்கம் பெரியவங்களுக்குத்தானக்கா?" என்றார் தம்பியின் மனைவி.

"மேடுதான். யாரு இல்லன்னா? மேடு ஒண்ணுதான் இருக்குது."

அண்ணன் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இத வரஞ்சது நீதான? நீயே சொல்லு. எது ஒசந்த ரூமு?"

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, மூன்று பேர். அந்த அம்மா மட்டும் குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் வருகிறாரா என்று கதவைப் பார்த்தேன். வரவில்லை. இது என்றாலும் நிஜம், அது என்றாலும் நிஜம். வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"நிமுந்து பாத்தா இதுங்க" என்று திரையில் கீழ் அறையைத் தொட்டேன்.

"குனிஞ்சு பாத்தா?" என்றார் தம்பியின் மனைவி.

"குனிஞ்சு பாத்தா அதுங்க."

"நான் எதுக்குக் குனிஞ்சு பாக்கணும்?" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். அதோடு வழக்கு முடிந்துவிட்டது. தம்பி மட்டும் நம்ப முடியாமல், "அப்ப மேடு எங்களுக்காண்ணா?" என்று இழுத்தார்.

"எடுத்துக்கடா. சின்னப் பசங்க ஏறி எறங்குங்க."

தம்பியின் மனைவி முகத்தைப் பார்க்கவேண்டுமே! மூத்தவருக்கென்றே இருந்த மேடு, காற்று வரும் ஜன்னல், படியேறிப் போகிற அறை எல்லாம் கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. எங்கே மாமா மனசு மாறிவிடுவாரோ என்று கிளம்பும் அவசரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் ஜெயித்த சண்டையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

போகும்போது அண்ணன் குனிந்து என் காதருகே, "அந்தப் பன்னண்ட மட்டும் இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடும்மா" என்றார். போட்டேன். எண் கட்டிலை மறைக்கிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. திரும்பி வந்த இன்ஜினியர் திரையைப் பார்த்துவிட்டு என்னக்கா ஆச்சு என்று கேட்டார். ரெண்டு ரூமுக்குப் பேர் மாத்தினேன் என்று மட்டும் சொன்னேன். கூச்சப்படுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. குறைவாகச் சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது, இருந்தாலும் போனேன். திரைக்குள் நான் கட்டிய வீடு வெயிலில் சுண்ணாம்பு வாசனையோடு நின்றது. அண்ணன் புது வேட்டியில், வந்தவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் கூட்டிப்போய், "மேல பாருங்க" என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து ஃபேன் நீளக் கம்பியில் தொங்கியது. அவருடைய மச்சான்போல இருந்த ஒருவர், "ஒட்டடை எப்பிடி மாப்ள அடிப்பீங்க?" என்று கேட்டார். "மொதல்ல நல்லாப் பாருங்க" என்றார் அண்ணன்.

அந்த அம்மா காபித் தட்டோடு வந்தார். கூடத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து கூடத்துக்கு என்று தரையைப் பார்க்காமலே போய் வந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு தம்ளரைக் கொடுத்துவிட்டு, அண்ணாந்து நிற்கும் கூட்டத்தைக் கண்ணால் காட்டினார்.

"நீயும் ஒருதரம் மேல பாத்துரு கண்ணு. இல்லைன்னா விடமாட்டாரு."

நான் மேலே பார்த்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று யாரோ கூப்பிட, அவர் தட்டை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார்.