குடிலுக்காக இறக்கிய பெட்டிகள்

அந்த இரண்டு அட்டைப் பெட்டிகளையும் மேசையிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தது நான்தான். வேறு யார்மீதும் பழி போட வழியில்லை. மொன்றியலை ஒட்டிய கர்க்லாண்டில், எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் கட்ட அந்த ஒரு மேசைதான் இருந்தது.

பெட்டிகள் எங்களுடையவை அல்ல. எங்கள் பங்குக் கோயிலின் பாடற்குழுவை நடத்திய கறுப்பினப் பெண்மணியுடையவை. அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்து, கலியாணமாகி மொன்றியலுக்கு வந்தவர். அதற்கு முன், இளவயதில், பிறந்த ஊரிலேயே ஒப்பேரா என்னும் இசைநாடகக் குழு ஒன்றில் பாடியவர். பெரிய அரங்குகள் கறுப்பர்களை மேடையில் ஏற்றாத காலத்தில், கோயில் மண்டபங்களில் தாங்களே மேடை போட்டு, தாங்களே உடுப்புத் தைத்துப் பாடிய குழு அது. அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. இருந்ததெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான்: நிகழ்ச்சித் தாள்கள், படங்கள், ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவர் மையால் எழுதி வைத்த பெயர்கள்.

கண்பார்வை மங்கி முதியோர் இல்லத்துக்குப் போனபோது அவற்றை என்னிடம் தந்தார். குழுவின் வரலாற்றை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்வதாக ஏற்பாடு.

“முதலில் படங்களின் பின்னால் உள்ள பெயர்களை எழுதிவிடு. மிச்சமெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது” என்றார்.

வசந்தத்தில் சொன்னார். கோடையும் போய் இலையும் கொட்டியது. கேட்கும்போதெல்லாம் செய்கிறேன் என்றேன். புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். சாட்டுச் சொல்ல எனக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

பாலனைப் பார்க்க இராசாக்கள் வந்த நாளான ஜனவரி ஆறு, மூன்று இராசாக்கள் திருநாள், முடியும்வரை நாங்கள் குடிலைக் கலைப்பதில்லை. “பெட்டியள மேல கொண்டுபோய் வையுமன்” என்று கணவர் ஒரு தடவை சொன்னார்.

“இராசாக்கள் வந்து போகட்டும், பேந்து பாப்பம்” என்றேன்.

இராசாக்களுக்கு முன்னே உறைமழை வந்துவிட்டது. பனிக்கட்டி படிந்த பாரத்தில் கம்பிகள் அறுந்து மின்சாரம் போனது. பிள்ளைகளைக் குளிருக்குள் வைத்திருக்க முடியாமல் கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்தோம். மின்சாரம் போனால் பேஸ்மென்டுத் தண்ணீரை இறைக்கும் மோட்டாரும் நின்றுவிடும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்து படியிறங்கியபோது முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

“இஞ்சேரும், பெட்டியள் எங்க?” என்றார் கணவர்.

குடிலில் ஒரு வைக்கோல்கூட நனையவில்லை. குடிலில் வைத்த மூன்று இராசாச் சிலைகளில் கறுப்பு இராசா பொன்முடியோடு கம்பீரமாக நின்றார். அவருக்குக் கீழே தண்ணீருக்குள் அந்தக் குழு முழுவதும் ஊறிக் கிடந்தது. மேசையை அப்படியே கவிழ்த்துவிட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரம் என்மேல்தான். பாவம், இராசா என்ன செய்தார்?

குசினியில் துவாய்களை விரித்து ஒவ்வொரு படமாகப் பிரித்தேன். சிலவற்றில் உருவம் தப்பியிருந்தது. பின்னால் இருந்த மை எல்லாம் நீலக் கறையாகிவிட்டது. ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.

தெருக்கள் திறந்ததும் படங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

“பெயரெல்லாம் எனக்குத் தெரியும். படத்தில் இருப்பதை நீ சொல், யாரென்று நான் சொல்கிறேன்” என்றார்.

முதல் படத்தைக் கையில் எடுத்தேன். “ஒரு பெண். வெள்ளைக் கவுன். தலையில் பூ.”

அவர் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நாங்கள் எல்லாருமே வெள்ளைக் கவுன்தான் போட்டோம். எல்லாரும் பூ வைத்தோம். முகத்தைச் சொல்.”

முகம் இருந்த இடத்தில் நீலக் கறை பரவியிருந்தது. அவர் இன்னும் என் பக்கம் காதைச் சாய்த்தபடி இருந்தார்.