தீப்பெட்டி பிடுங்கும் அக்கா

“பையில என்ன?” என்று கேட்பாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்க மாட்டார் கேட் அக்கா. அதற்குள் நம் சீப்பு, மாத்திரை, நேற்றைய பிஸ்கட் எல்லாம் மேஜைக்கு வந்திருக்கும். அவருக்கு வேண்டியவை தீப்பெட்டியும் லைட்டரும்தான். அகப்பட்டால் தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். “திரும்பி வரும்போது வாங்கிக்கங்க. உள்ள போயி சமைக்கவா போறீங்க?”

தேசியப் பூங்காவின் வாசலில், கோடைக்கு மட்டும் கிடைக்கும் வேலை இது. மழை விழுந்துவிட்டால் வேலையும் முடிந்தது. மற்ற மாதங்களில் அவர் தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்குகிறார். நான் நம்பாமல் பார்த்ததும் சிரித்துவிட்டார். “அங்க அடுக்குறேன், இங்க புடுங்குறேன். சில நேரம் நான் அடுக்குன பெட்டியே வந்து மாட்டும். அதுக்குன்னு விட முடியுமா?”

ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளமான உருவம். காக்கிச் சட்டை முழங்கால் வரை தொங்குகிறது. போன கோடையில் வேலை பார்த்தவருடையதாம். கேட் அறையில் அடுப்பு வைக்க அனுமதி உண்டு. அக்காதான் வைக்க விடுவதில்லை. அதனால் காவலாளி டீ குடிக்கச் சாலையைத் தாண்டிப் போகிறார். பெரிய காரில் வந்த ஒருவர், “நான் யாரு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். “தெரியாதுங்க. பாக்கெட்டக் காட்டுங்க” என்றார் அக்கா.

இத்தனை கெடுபிடி ஏன் என்பது காட்டைப் பார்த்தால் புரியும். கண் போகிற தூரம் வரை மலைமேல் மலையாக மரங்கள்தான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இவ்வளவு பெரிய காட்டுக்கு ஒரே ஒரு குச்சி போதும். அக்காவின் கணவரும் அதற்குள்தான் இருக்கிறார். தீத்தடுப்புக் குழுவில் கோடைக் கூலி. சருகைக் கூட்டி ஒதுக்குவார்கள், தீ வந்தால் பச்சைக் கிளையால் அடித்து அணைப்பார்கள். காலையில் குழு உள்ளே போகும்போது முதல் சோதனை அவருக்குத்தான். புகைக்கிற ஆசாமி.

“வீட்டுக்காரரையுமாக்கா?” என்று கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

“வீட்டுக்காரருன்னா நெருப்பு விட்டுடுமா?”

நான் போயிருந்த அன்று மத்தியானம் கிழக்குச் சரிவில் புகை எழுந்தது. முதலில் நூல் மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலையை மறைத்துவிட்டது. வயர்லெஸ்ஸில் குழுவுக்கு, “எல்லாரும் கிழக்க போங்க” என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் வெறும் கரகரப்பு. உள்ளே இருந்த வண்டிகளை அவசரமாக வெளியேற்றினார்கள். அக்கா பெட்டியைத் திறந்து அவரவர் பொருளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார், கண் மட்டும் புகையை விட்டு நகரவில்லை. ஒருவருக்கு இரண்டு லைட்டர் போய்விட்டது.

“காலையில ஒரு வேன் வந்துச்சே” என்றார் என்னிடம். “பின் சீட்டுப் பையப் பாத்தேனா? பாத்த மாதிரிதான் இருக்கு.” சற்று நேரம் கழித்து அதையே திரும்பவும் கேட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் புகை மெலிந்தது. குழு லாரியில் வந்து இறங்கியது. எல்லா முகத்திலும் ஒரே கரி. மலையளவு தீயை வெறும் கிளைகளால் அடித்து நிறுத்தியவர்கள், ஒன்றுமே நடக்காதது போலக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அவர்களுக்கு எழுந்து வழிவிட வேண்டும் என்று தோன்றியது எனக்கு.

கடைசியாக இறங்கிய கணவர் நேரே அக்காவிடம் வந்தார். “கரண்டுக் கம்பி அறுந்து சருகுல விழுந்துருக்கு. உன் கேட் வழியா வரல” என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

வெளியே வருகிறவர்களுக்குச் சோதனை கிடையாது. ஆனாலும் அக்கா அவருடைய கால்சட்டைப் பைகளைத் தடவினார். அப்புறம் சட்டைப் பையைத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை. அப்படியும் அக்கா அங்கிருந்து கையை எடுக்கவில்லை.