நடுக்குளத்து மணல்

எங்கள் கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில் ஒரு மலை குடியிருக்கிறது. டிசம்பரில் வரும், ஏப்ரல் முடிந்தால்தான் போகும். வோபர்ன் என்கிற பகுதியில் நான் இருக்கும் அடுக்குமாடியைச் சுற்றி விழுகிற பனி முழுவதையும் வழித்துக்கொண்டு வந்து, தரிப்பிடத்தின் நட்டநடுவில், சரியாக எனக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் கொட்டுவார்கள். முறையிட்டால் கட்டடப் பராமரிப்பாளர் சிரிப்பார். “அது தானாகவே போய்விடும்” என்பார். ஒரு மலையைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தக்கூடிய நாடு இது. ஊரில் இருந்து வாசிப்பவர்கள் சிரிக்கலாம். நான்கு மாதமாக விருந்தாளிகளின் இடத்தில் காரை விட்டு, வழுக்கி வழுக்கி நடப்பவள் நான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியத்தில் ஏழு வருடம் பெட்டி கட்டிய பிறகு, கடந்த இலையுதிர் காலத்தில்தான் என் கைக்குத் தெரிந்த வேலை கிடைத்தது. ஏரிச் சேற்றை அரிதட்டில் அரித்து, எவ்வளவு மணல், எவ்வளவு களி என்று பார்க்கும் ஆய்வுகூடம். தகுதிகாண் காலத்தில் இருந்தேன். மேற்கே மலைத்தொடரின் உச்சியில் உள்ள ஓர் ஏரியின் அடியிலிருந்து, மேற்படையை மட்டும் அள்ளி, சின்னப் போத்தல்களில் அனுப்பியிருந்தார்கள். அந்த ஏரியில் எங்கே மணல் படிகிறது, எங்கே சேறு படிகிறது, ஏன் என்பதுதான் கேள்வி. இந்தப் போத்தல்களை ஒழுங்காக முடித்தால் நிரந்தரமாக்குவதாக மேலதிகாரி கிறெக் சொல்லியிருந்தார்.

இதில் எனக்கு என்ன பயம்? மன்னாரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கட்டுக்கரைக் குளத்துச் சேற்றோடு வளர்ந்த கை இது. தண்ணீர் உள்ளே வருகிற வாயில் பருமணலைப் போட்டுவிடும். களி மட்டும் மிதந்து போய் ஆழத்தில் அடங்கும். கரையோரத்தில் அலை அடித்து அடித்துச் சேற்றைக் கழுவி விடும். கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையில் தேய்த்தே அது குளத்தின் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவோம். வேலைக்காரர் லேபலை மாற்றி ஒட்டிக்கொண்டு வந்தால் சத்தம் போடாமல் நாங்களே திருத்திவிடுவோம். எஞ்சினியர் ஐயாவின் காதுக்குப் போனால் ஒரு ஏழைக்கு வேலை போகும். அங்கே அதற்குப் பெயர் பொறுப்பு.

பதினேழாம் போத்தல் ஏரியின் நடு ஆழம் என்று எழுதியிருந்தது. திறந்தால் பருமணல், இடையிடையே கல். நான்காம் போத்தல் கரையோரம். அதில் வெண்ணெய் மாதிரிச் சேறு. யாரோ குளிரில் விரல் விறைத்து மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று பரிதாபப்பட்டேன். இரண்டு லேபலையும் மாற்றி ஒட்டி, கணினியிலும் மாற்றிப் பதிந்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

கிறெக் என் முடிவுகளின் வரைபடத்தைப் பார்த்து “இன்ரறஸ்ரிங்” என்றார். சுவாரசியம் என்று பாராட்டுகிறார் என நினைத்தேன். இன்னொரு முறையும் சொன்னார். உற்சாகத்தில் நான் திருத்திய கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. கோப்பியைக் கீழே வைத்தார். “நன்றி, வியாழக்கிழமை பேசுவோம்” என்றார். இவர்களுடைய கோபத்துக்குச் சத்தமே இல்லை. பக்கத்து மேசைப் பெண்தான் விளக்கினாள்: லேபலை மாற்றுவது இங்கே திருத்தம் இல்லையாம், தரவைக் கெடுப்பதாம், அதற்காக ஆளை வேலையிலிருந்து அனுப்பியும் விடுவார்களாம். ஏசித் தொலைத்திருந்தால் அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கும்!

என்னோடு வேலை செய்த அமலன் இன்னும் மன்னாரில்தான், அதே திணைக்களத்தில். அவனுக்குப் போன் எடுத்தேன்.

“நடுக்குளத்தில பருமணலோ? விசரே அக்கா! உங்கட ஆக்கள் மாத்தித்தான் ஒட்டியிருப்பினம். நீங்கள் செய்தது சரி.”

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் “உங்கட ஆக்கள்” என்றது எரிச்சலாகவும் இருந்தது. எந்த ஆக்கள் என்னுடைய ஆக்கள்?

வியாழன் காலை கீழே இறங்கினேன். ஏப்ரல் முடிந்திருந்தது; கடைசிக் கட்டியும் உருகி மலை போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில், தரிப்பிடத்தின் நட்டநடுவில், பருமணலும் கல்லும் ஒரு ஒற்றைக் கையுறையும் கிடந்தன. வழுக்காமல் இருக்கத் தூவுகிற மணலின் பெட்டி இருப்பது அந்தக் கோடியில், வாசலில். இங்கே எந்த ஆறும் வரவில்லை, எந்த அலையும் அடிக்கவில்லை. பனி சுமந்து வந்து, உருகி, வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அங்கேயே நின்றேன். அந்த ஏரி வருடத்தில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கிறது. காற்று மணலை வாரிப் பனிக்கட்டியின் மேல் போடுகிறது. சரிவிலிருந்து கல் உருண்டு வந்து அதன்மேல் நிற்கிறது. கோடையில் கட்டி உடைந்து நடுவுக்கு மிதந்து போய் உருகும்போது எல்லாம் நேரே கீழே விழுகிறது. நான்காம் போத்தல் ஒரு பாறை மறைவில் எடுத்தது என்று குறிப்பிலேயே இருந்தது. அலை புகாத மறைவில் சேறுதானே அடங்கும்! வாசித்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மன்னாரில் ஐஸை நான் சர்பத்துக்குள்தான் கண்டிருக்கிறேன். அது கல் சுமக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எட்டு வருடமாக ஜன்னலால் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேனே! வெட்கமாக இருந்தது.

“லேபல் சரி. நான்தான் பிழை” என்று கிறெக்கிடம் சொல்லி, தரிப்பிடத்தின் படத்தைக் காட்டினேன். அவர் தன் கணினியைத் திருப்பினார். உறைந்த ஏரியின் மேல் கற்கள் இருக்கும் படம்.

“அப்படியானால் முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“நீங்கள் கேட்கவில்லை” என்றார், மிகவும் மரியாதையாக.

கேட்பது தெரியாதவள் செய்கிற வேலை என்று நினைத்துத்தானே நான் கேட்கவில்லை. பழைய லேபல்களைத் திரும்ப ஒட்டவைத்தார். இனிமேல் சந்தேகம் வந்தால் குறிப்பில் எழுத வேண்டும், லேபலைத் தொடக்கூடாது. தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. வேலை போகவில்லை. மூச்சு வந்தது.

வெள்ளி காலை, காரை எடுக்கப் போன இடத்தில் அமலனுக்குப் போனில் சொன்னேன். அவன் விடுவதாக இல்லை.

“சும்மா இருங்கோ அக்கா. நடுவில எப்பவும் களிதான். எங்கட குளத்தில நாங்கள் பாக்காததே?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “நீ கண்டனியே? எங்கட குளத்தில ஐஸ் இருக்கடா!”

அவன் மெதுவாகக் கேட்டான்.

“எந்தக் குளம், அக்கா?”

அந்த ஏரியை நான் கண்ணால் கண்டதில்லை. கட்டுக்கரை அணையில் நான் கால் வைத்தும் எட்டு வருடம். போனை வைத்துவிட்டு, விருந்தாளிகளின் இடத்திலிருந்து காரை எடுத்து, என்னுடைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். சக்கரத்தின் கீழே மணல் நெரிந்தது.