இடது ஸ்லைடர், வலது ஸ்லைடர்

என் அண்ணனின் இடது காதை பிரஸ் மெஷின் தின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கும் கம்பெனி அது. தகடு வலப்பக்கத்திலிருந்து வரும். அதைப் பிடித்து உள்ளே தள்ளுகிறவன் இடப்பக்கத்தை மெஷினுக்குக் காட்டித்தான் நிற்க முடியும். அதனால் அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இடது காதுதான் முதலில் போகும். வலது காது கொஞ்ச காலம் தப்பித்து நிற்கும். காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் பஞ்சு போல ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால், அச்சு சரியாக விழுந்ததா என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது; பக்கத்தில் நிற்பவன் கையை எடு என்று கத்தினாலும் கேட்காது. காதா கையா என்று வந்தால் எவனும் கையைத்தான் பார்ப்பான். அண்ணனும் அப்படித்தான் பார்த்தான்.

நான் அதே தொழிற்பேட்டையில், அளவுக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கவரைப்பேட்டையில் எங்கள் வீடு. காலையில் அண்ணனும் நானும் ஒரே ரயிலில் ஏறி ஒரே ஸ்டேஷனில் இறங்குவோம். எங்கள் கம்பெனிக்கு ஒரு வேன் உண்டு. அது தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் அங்கே இருப்பவர்களுக்குக் காது சோதனை செய்யும். வேனில் ஓடும் சோதனையைக் கட்டியவள் நான்தான்.

கட்டியது என்றுதான் சொல்ல வேண்டும், எழுதியது என்று சொல்ல முடியாது. அந்த மென்பொருளில் எழுத்து வேலை குறைவு. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் கோடு இழுக்க வேண்டும். ஒரு பெட்டி ஒலியை உண்டாக்கும், அடுத்த பெட்டி அதைக் கூட்டும் குறைக்கும், கடைசிப் பெட்டி இயர்போனுக்கு அனுப்பும். வீட்டில் நான் லேப்டாப்பைத் திறந்தாலே அண்ணன் ஆரம்பித்துவிடுவான்.

“பாரு, பொட்டி பொட்டியா கோடு போட்டுக்கினு கீறா. இதுக்கு மாசமானா சம்பளம் வேற,” என்று அண்ணியிடம் சொல்வான்.

“நீ தகட்டுல பொட்டி அடிக்கிற, நான் கம்ப்யூட்டர்ல அடிக்கிறேன். போண்ணா,” என்பேன்.

முதலில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனியாக வரைந்தேன். ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகரும் ஒரு ஸ்லைடர், அளவைக் காட்டும் எண், கேட்டதும் ஆள் பட்டனை அமுக்கினால் எரியும் ஒரு பச்சை விளக்கு. கனமான ஒலிக்கு ஒன்று, கீச்சொலிக்கு ஒன்று, இடது காதுக்கு, வலது காதுக்கு என்று வரைந்துகொண்டே போனதில், திரை எங்கள் தெருமுனை மின்கம்பம் மாதிரி ஒரே ஒயராக ஆகிவிட்டது. ஒரு விளக்கின் இடத்தை மாற்ற வேண்டுமென்றால் எல்லா இடத்திலும் போய் மாற்ற வேண்டும். கடுப்பாகி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு பெட்டி செய்தேன். கோடும் கணக்கும் உள்ளே மறைந்திருக்கும், வெளியே ஸ்லைடரும் எண்ணும் விளக்கும் மட்டும் தெரியும். அதை எத்தனை வேண்டுமானாலும் நகலெடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மூலப்பெட்டியில் ஒன்றை மாற்றினால் எல்லா நகலிலும் மாறும். அன்றைக்கு யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. ஆபீசில் பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள் இல்லை. டீக்கடைக்குப் போய்த் தனியாக ஒரு பஜ்ஜி தின்றுவிட்டு வந்தேன்.

இப்படிக் கட்டுவதில் ஒரு குழி உண்டு, அந்த மென்பொருளைத் தொட்ட எல்லோரும் ஒருமுறையாவது அதில் விழுந்து எழுந்திருப்பார்கள். ஸ்லைடர் தன் அளவை உள்ளுக்குள் ஒரு பெயரில் அனுப்பும். நகலெடுத்தால் அந்தப் பெயரும் சேர்ந்து நகலாகும். அப்புறம் ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் எல்லா நகல்களும் கூடவே நகரும், ஒரே நம்பர் கொடுத்த இரண்டு செல்போன்கள் சேர்ந்து அடிப்பது மாதிரி. இதைத் தடுக்க, ஒவ்வொரு நகலுக்கும் மென்பொருளே ஒரு தனி எண் தரும். அந்த எண்ணைப் பெயரின் முன்னால் சேர்த்துவிட வேண்டும். நான் சேர்த்திருந்தேன். என் பெட்டியில் இடது இடதாகவும் வலது வலதாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் ஆபீஸ் இயர்போனையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணனை உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸி நிற்கும்வரை காத்திருந்து ஆரம்பித்தோம். இடது காதில் கனமான ஒலி கேட்டது. கீச்சொலியை எவ்வளவு ஏற்றியும் விளக்கு எரியவில்லை. வலது காதில் எல்லாம் கேட்டது. மெல்லிய ஒலிக்குக்கூட டக்கென்று அமுக்கினான்.

“வலது காது நல்லா கீதுண்ணா. அதையாவது காப்பாத்திக்கோ. பிரஸ்ஸ வுட்டு வேற எங்கனா மாத்தச் சொல்லு,” என்றேன்.

“கேட்டா மாத்திடுவானா? அவன் இன்னா நம்ம மாமனா?” என்றான்.

ஆனால் அந்த வருடம் அவன் கேட்காமலேயே வழி பிறந்தது. அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் கூட்டி வைத்து, வேன் வரும், காது சோதனை நடக்கும், இரண்டில் ஒரு காது கெட்டிருந்தாலும் பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போடுவோம் என்று சொன்னார். அண்ணன் வீட்டுக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். “பேக்கிங்ல ஃபேன் கீதுடி. உக்காந்துக்கினே வேல,” என்றான். அவனுக்கு ஃபேன். எனக்கு அந்த வலது காது. அது தப்பித்துவிட்டது என்றே நினைத்தேன்.

வேன் போனது. அன்று சாயந்திரம் அண்ணன் வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

“இன்னாச்சுண்ணா?”

“இன்னா ஆவும். ரெண்டு காதும் ஒரே மாரி நல்லா கீதாம். பிரஸ்லயே நில்லுன்ட்டாங்க.”

“இடது காதுமா?”

“ஆமாண்டி. உன் மெஷினுதான் சொல்லுது. அன்னைக்கு நீ ஊட்ல பாத்ததெல்லாம் டூப்பா?”

மறுநாள் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் ஆபீசுக்குப் போய், வேனில் ஓடிய கோப்பைத் திறந்தேன். என் பெட்டிதான். மூலையில் கம்பெனி முத்திரை புதிதாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், நான் சேர்த்திருந்த தனி எண்ணைக் காணோம். ஒலியின் பெயர் மட்டும் நின்றது, அது இரண்டு காதுக்கும் ஒன்றுதான். இடது காது ஒரு பக்கத்தில், வலது காது அடுத்த பக்கத்தில் என்று திரையையும் பிரித்து வைத்திருந்தார்கள். வேனில் இருக்கிறவன் முதலில் இடது காதைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவான். அங்கே வலது ஸ்லைடரை நகர்த்த நகர்த்த, கண்ணுக்குத் தெரியாத முந்தைய பக்கத்தில் இடது ஸ்லைடரும் கூடவே நகர்ந்து வலது காதின் அளவில் வந்து நிற்கும். கடைசியில் இரண்டையும் சேமித்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு காதும் சமமாக இருக்கிறவனுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. இடப்பக்கத்தை மெஷினுக்குக் காட்டி நின்றவனுக்குத்தான் கெடுதல்.

எங்கள் சார்தான் கம்பெனி முதலாளி, இன்ஜினியரும் அவரே. மணவாள நகரிலிருந்து காரில் வருவார். வந்ததும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வலது ஸ்லைடரை நகர்த்தி, முந்தைய பக்கத்தைத் திறந்து காட்டினேன். பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

“நம்பர் வெச்சா ரிசல்ட் சேவ் ஆகலம்மா. சேவ் பண்ற பெட்டிக்கு எந்தப் பேர்ல தேடறதுன்னு தெரியல. அதான் எடுத்துட்டேன்,” என்றார்.

“என்னைக் கேட்டிருக்கலாமே சார். பெட்டிய வைக்கும்போதே இடது, வலதுன்னு ஆளுக்கு ஒரு பேரு குடுத்தா முடிஞ்சது.”

“நீ அப்ப எடை மெஷின் வேலையில இருந்த.”

என்னை எடை மெஷின் வேலையில் போட்டவர் அவர்தான். நான் இருந்தது அடுத்த மேசை. ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்.

“சரி, இப்ப அந்தக் கம்பெனிக்குச் சொல்லி மறுபடியும் சோதனை பண்ணலாம் சார்,” என்றேன்.

“மெதுவா பேசு. ஒருத்தன்கிட்ட தப்புன்னு சொன்னா மத்தவனெல்லாம் கேப்பான். நீ பெட்டிய சரி பண்ணி வை. அடுத்த தபா போகும்போது சரியாயிடும்.”

“அடுத்த தபா எப்ப சார்?”

“வருஷத்துக்கு ஒருவாட்டிதானே.”

எதுவும் நடக்காத மாதிரி செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கே பெட்டியைச் சரி செய்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை என்பதுதான் என்னை இன்றைக்கும் பேஜார் பண்ணுகிறது.

சாரிடம் சொல்லாமல் அந்தப் பாதுகாப்பு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். கேட்டில் நெடுநேரம் நிற்க வைத்துவிட்டுக் கூப்பிட்டார். ஸ்லைடர், நகல், எண் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

“உங்க ரிசல்ட் ரொம்ப நீட்டா இருந்துச்சேம்மா. இதுக்கு முன்னாடி வந்தவங்க குடுத்ததுல ஒரு காது மேல, ஒரு காது கீழன்னு தாறுமாறா இருக்கும்,” என்றார்.

“தாறுமாறா இருக்கறதுதான் சார் உண்மை. இடது காது மெஷின் பக்கம் இருக்குது.”

“உங்க சார் ஒண்ணும் சொல்லலையே. நீங்க யாருக்காகப் பேசறீங்க?”

பொய் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. “எங்க அண்ணன் பிரஸ்ல இருக்காரு,” என்றேன். அவர் சிரித்தார். அதுவரை நான் ஒரு கருவி செய்கிறவள். அந்த நிமிடத்திலிருந்து அண்ணனுக்கு ஃபேன் காற்று வாங்கிக் கொடுக்க வந்த தங்கை. டீ சாப்பிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். “வுடு. ஒரு வருசம்தானே. ஓட்டிடுவேன்,” என்றான். மஞ்சள் பஞ்சையாவது போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுப் பார்த்தான். இரண்டாம் நாளே விரல் ஒன்று நசுங்கப் பார்த்துத் தப்பியது. அதோடு விட்டுவிட்டான்.

அந்த வருடம் முழுக்க நான் அவனுடைய வலது காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலில் என் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டிருந்தவன், எதிரில் உட்கார ஆரம்பித்தான், வாயைப் பார்ப்பதற்காக. டிவி சத்தம் ஏறியது. அண்ணி எதையும் இரண்டு முறை சொல்லப் பழகிக்கொண்டாள். செல்போனை அவளிடமே நீட்டி, நீயே பேசு என்றான். எல்லாவற்றையும்விட, கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான். கிண்டல் செய்தால் பதில் வரும், பதில் காதில் விழ வேண்டுமே. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போவான். பொட்டி பொட்டி என்று அவன் கத்த மாட்டானா என்று இருக்கும். வீட்டில் சோதனை செய்யலாம் என்று கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றான். பண்டிகை நாளில்கூட அவனும் நானும் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. தலையெழுத்து என்று அண்ணி சொன்னாள். எந்தத் தலையெழுத்தும் இல்லை, அந்தப் பெட்டியைக் கெடுத்தவருக்குக் கையும் காலும் உண்டு, காரும் உண்டு என்றேன்.

மறுபடியும் வேன் போகும் நாள் வந்தது. வேனில் வழக்கமாகப் போகிறவன் லீவு, என்னைப் போகச் சொன்னார் சார். இந்த முறை அந்தக் கம்பெனியில் சட்டம் வேறு. உள்ளே தகடு தூக்கும் வண்டிகள் அதிகமாகிவிட்டன, இரண்டு காதும் போனவன் ஹாரன் கேட்காமல் அடிபடுவான், அதனால் அப்படிப்பட்டவர்களை வேலையில் வைத்துக்கொள்வதில்லை என்று அறிவித்திருந்தார்கள். ஆக, அண்ணனின் வேலை இப்போது அந்த வலது காதில் தொங்கியது.

அவன் முறை வந்தது. வேனுக்குள் ஏறியவன் என்னைப் பார்த்ததும், “நீயா வந்து கீற?” என்றான், தேவைக்கு மேல் சத்தமாக. இயர்போனை நானே மாட்டிவிட்டேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும், வேனில் இடமில்லை என்று சார் அதை வைக்கவில்லை. லேப்டாப்பின் பின்பக்கம் அவனுக்கு, மவுஸ் பிடித்த என் கை அவன் கண்ணெதிரே.

இடது காதில் ஒன்றும் இல்லை. எதிர்பார்த்ததுதான். வலது காதுக்குப் போனேன். கீச்சொலியை நடுத்தர அளவில் வைத்து, மவுஸை அமுக்கி அனுப்பினேன். விளக்கு எரிந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, அதை மறைக்கவும் இல்லை. குறைத்து அனுப்பினேன், எரிந்தது. இன்னும் குறைத்தேன், எரிந்தது. அதற்கும் கீழே, எனக்கே கேட்காத அளவில் வைத்து அனுப்பினேன். அதற்கும் அமுக்கினான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவன் கண் என் மணிக்கட்டில் இருந்தது.

துப்பட்டாவை இழுத்து, மவுஸையும் கையையும் மூடிக்கொண்டேன். மறுபடியும் நடுத்தர அளவில் அனுப்பினேன். விளக்கு எரியவில்லை. ஏற்றினேன். எரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்லைடரை உச்சிவரை தள்ளினேன். இயர்போனுக்கு வெளியே, எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தக் கீச்சொலி கேட்டது. அண்ணன் பட்டனில் விரலை வைத்தபடி காத்திருந்தான். துப்பட்டாவைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

“ஏண்டி நிறுத்திட்ட? சவுண்டு வை,” என்றான்.