பாகூரில் ஒரு பிரான்சு

அன்று கடலூர்ச் செம்மண்டலத்தில் என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: மாப்பிள்ளை லூயி, அவருடைய தாயார் ஞானாம்பாள், நிச்சயிக்கப்பட்ட மணப்பெண் தேவகி, அவளுக்குப் பிரெஞ்சு கற்பித்த நான். கடலூரில் பிரெஞ்சு கற்பிப்பதென்பது, பாராத நாட்டைப் பாராதவர்க்கு விளக்கும் தொழில். மொழி கற்பித்து நொந்த ஆசிரியர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

குடியுரிமை

ஞானாம்பாள் பிறந்ததும் வளர்ந்ததும் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில். தந்தை பிரெஞ்சுப் படையில் பணியாற்றியமையால் அவர் பிரான்சின் குடிமகள். மகன் பாரிசில் ஒரு தமிழர் மளிகைக் கடையில் வேலை செய்தார். மருமகள் பிரெஞ்சு பேச வேண்டும். சிதம்பரத்தில் பார்க்கும் செவிலியர் வேலையை விட வேண்டும். இன்றேல் திருமணம் இல்லை. இவை ஞானாம்பாளின் நிபந்தனைகள். புவனகிரிப் பெண்ணான தேவகி முதலாவதற்கு உடன்பட்டாள். இரண்டாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"தாங்கள் பிரெஞ்சு பேசுவீர்களா?" என்று ஞானாம்பாளிடம் வினவினேன்.

"நான் எதுக்கு டீச்சர் பேசணும்? நான்தான் பிரான்சாச்சே!"

அயல்நாட்டு விலை

அந்தச் சந்திப்புக்கு முன்பு ஒருநாள், கூறைப்புடவை எடுக்கச் சிதம்பரம் கீழவீதிக்கு ஞானாம்பாள் என்னையும் அழைத்துச் சென்றார். கடைக்காரர் காதுபட நான் பிரெஞ்சில் பேச வேண்டுமாம். நானும் பேசினேன், ஞானாம்பாள் ஒன்றும் விளங்காமல் கம்பீரமாகத் தலையசைத்தார்.

"நாங்க பிரான்ஸ்காரங்க. வெலைய பாத்துப் போடுங்க."

"பிரான்சுல எந்த ஊரும்மா?"

"பாகூர்."

கடைக்காரர் புடவையை மடிக்கத் தொடங்கினார்.

"அட, எங்க மச்சான் வாராவாரம் பாட்டில் வாங்கப் போற வெளிநாடு அதுதாம்மா!"

தேர்வு

விடுமுறையில் வந்த மகனைக் கொண்டு மருமகளைச் சோதிக்கவே அன்று என் வீட்டில் கூடினோம். லூயி நெளிந்தார். "நீங்களே கேளுங்க டீச்சர். அங்க கடையில எல்லாம் நம்மாளுங்கதான்" என்றார். நான் கேட்ட அனைத்திற்கும் தேவகி பிழையின்றி விடையளித்தாள்.

"பாஸாயிட்டா. நாளைக்கே வேலைய விட்டுடச் சொல்லுங்க" என்றார் ஞானாம்பாள்.

தேவகி லூயியை நோக்கினாள். "ஏங்க, எனக்கு வேலைய விட மனசில்ல. அங்க வந்தும் நர்ஸாவே இருக்கட்டுமா?"

அவர் தாயைப் பார்த்தார்.

"இனிமே எதா இருந்தாலும் பிரெஞ்சுல கேளும்மா" என்றார் தாய்.

தேவகி கேட்டாள். பிரெஞ்சில், நிதானமாக, என் பாராட்டுக்குரிய உச்சரிப்பில்: "நம் திருமணத்தை நிறுத்திவிடலாம், உங்களுக்குச் சம்மதமா?"

லூயி மீண்டும் தாயைப் பார்த்தார்.

"என்னாடா முழிக்கிற? ஆமான்னு சொல்லேன்!"

"உய்" என்றார் லூயி, பெருமிதத்துடன். பிரெஞ்சில் அதற்கு 'ஆம்' என்று பொருள்.

தேவகி மோதிரத்தைக் கழற்றி மேசைமீது வைத்தாள்.

"என்னா டீச்சர் கேட்டுது இந்தப் பொண்ணு?"

தேவகி வெளியேறினாள். பிரான்சின் குடியுரிமை என் கூடத்தில் அமர்ந்திருக்க, அதன் மொழி புவனகிரிப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டது.