பத்தடிக்குப் பத்தடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பது. பழைய தேயிலை ஃபேக்டரியின் மாடிக்கு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை தரையில் போட்டிருந்த நான்கு சாக்பீஸ் கோடுகள். பச்சைக் கொழுந்தை வாடப் போடுவதற்காகக் கட்டிய மாடி அது. ஃபேக்டரி மூடி வெகுநாளாகிவிட்டது. இப்போது அதை மலைத்தோட்ட மக்களின் அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டிப்பெரியாறிலிருந்து ஜீப்பில் இருபது நிமிடம்.

சுவரில் மாட்டும் குறிப்புகளை எழுத என்னை அழைத்திருந்தார்கள். நாளிதழில் அடுத்தவர் எழுதியதை வெட்டித் திருத்தியே வயதானவன் நான். லயத்தில் பிறந்தவன் என்பதும் அவர்களுக்கு வசதியாக இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடுகளை இங்கே லயம் என்பார்கள்.

தரையில் இருந்த கோடுகள் அப்படி ஓர் அறைக்கானவை. டேப் வைத்துப் பார்த்தேன். பதினாறடிக்குப் பதினாலடி. நோட்டில் எழுதிக்கொண்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டரைக்குக் கொழுந்து கிள்ளும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். காட்சிக்கு வைப்பதற்காகக் கூடை, ரப்பர் பூட்ஸ், அலுமினியத் தூக்கு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் வந்தவருக்கு ஐம்பத்தேழு வயது. கூடையை இறக்காமலே கோட்டுக்குள் நின்று நாலாபுறமும் பார்த்தார்.

“இது எந்த லயம்?”

“எல்லா லயமும்தான் சேச்சி. ஒரு மாடல்” என்றார் வடிவமைப்பாளர். கொச்சிக்காரர், முப்பது வயதுப் பெண்.

“இதுல பந்தி போடலாம் போலருக்கே மோளே. தொரை பங்களாவுல குளிக்கிற முறியவா வரைஞ்சிருக்க?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வடிவமைப்பாளர் சிரிக்கவில்லை.

“சேச்சி, ஆளுகள் குரூப்பா வரும். உள்ள கேறி நிக்கணும், திரும்பணும், போட்டோ எடுக்கணும். சின்னதா வச்சா பற்றில்ல, முடியாது. கமிட்டியே சொல்லியாச்சு.”

“திரும்பணுமா? நாங்க ராத்திரி திரும்பிப் படுக்கணும்னா பக்கத்துல சொல்லிட்டுத்தான் திரும்புவோம்.”

அவர் கூடையைக் கோட்டுக்கு வெளியே வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்தார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“ஏட்டி, நீ எங்க மாமியா. செவத்தோரமாப் படு. நீ எங்க வீட்டுக்காரரு. வாசப் பக்கம். குறட்ட விடாத. நீங்க மூணு பேரும் புள்ளைங்க. காலு அங்கிட்டு.”

“நான் மூத்ததா, கடைசியா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எதா இருந்தா என்ன, எடம் அவ்வளவுதான்.”

அவரோடு சேர்த்து ஆறு பேர் படுத்தார்கள். கால்மாட்டில் அடுப்புக்கு ஒரு கூடையையும், தலைமாட்டில் பெட்டிக்கு ஒரு கூடையையும் வைக்கச் சொன்னார். பிறகு எழுந்து சாக்பீஸை வாங்கி, தான் படுத்த இடத்தையும் சேர்த்து எல்லோரையும் சுற்றி அவரே கோடு போட்டார். என்னைப் பார்த்தார்.

“சார், நீங்களும் லயத்துக்காரருதான? டேப்பக் கையில வச்சுக்கிட்டு ஏன் பேசாம நிக்கீக?”

அளந்தேன். நீளம் பத்தடி. அகலம் ஒன்பதடி எட்டங்குலம்.

“மார்ச்சோட எனக்கு ரிட்டயரு” என்று அவர் வடிவமைப்பாளரிடம் சொன்னார். “சாவிய ஆபீசுல குடுத்துட்டு லயத்த விட்டு எறங்கணும். பெறகு எம் பேரப்புள்ளைக நாங்க எப்படி இருந்தோம்னு கேட்டா இங்கதான் கூட்டியாரணும். இவ்வளவு பெருசாக் காட்டுனா, என்ன கொறச்சல்னு ரோட்டுல எறங்குனீங்கன்னு கேக்குமா கேக்காதா? நாங்க வீடு கேட்டுக் கொடி பிடிச்சதே பொய்யாயிரும்ல?”

கமிட்டியிடம் பேசுகிறேன் என்று மட்டும் வடிவமைப்பாளர் சொன்னார்.

மறுநாள் அந்த அம்மாவின் அறைக்குப் போய் டேப் போட்டேன். பத்தடிக்குப் பத்தடி. அவர் கணக்கில் நாலங்குலம் குறைந்திருந்தது. குறைந்த பக்கத்தில், சுவரை ஒட்டி, தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருந்தன.

புதன்கிழமை கமிட்டி கூடியது. வருகிறவர்களுக்கு மூச்சுமுட்டக் கூடாது என்றார்கள். துயரத்தை மட்டும் காட்டினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்றார்கள். நான் எழுதி எடுத்துப்போயிருந்த குறிப்பைப் படித்தேன். முதல் வரி: ‘இந்த அறை உண்மையான லய அறையைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது.’ பெரிய அறை கட்டினால் வாசலில் இந்த வரி இருக்கும், மூன்று மொழியிலும் இருக்கும், அதை எடுத்தால் மற்ற குறிப்புகளும் கிடையாது என்றேன். இதை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வடிவமைப்பாளர் தன் வரைபடச் சுருளை விரித்தார். அதில் அறை ஏற்கனவே சுருங்கியிருந்தது. பத்துக்குப் பத்து. “சேச்சி படுத்துக் காட்டியதுக்கு அப்புறம் எனக்கு வேற அளவு வரைய வராது” என்றார். அரைமணி நேரம் வாதம் நடந்தது. படம் மாறவில்லை.

சனிக்கிழமை வடிவமைப்பாளரே மண்டியிட்டு ஈரத்துணியால் பழைய கோடுகளைத் துடைத்தார். அதே இடத்தில் சுவர் எழும்பியது. தகரக் கூரை, ஒரு ஜன்னல், ஆறு பாய், குடங்கள்.

மார்ச் கடைசியில் அந்த அம்மா சாவியை ஒப்படைத்துவிட்டுக் கம்பத்தில் மகள் வீட்டுக்குப் போனார். மே மாதம் திறப்பு விழா நடந்தது. அந்த அறையின் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அது நான் எழுதியதல்ல. பாதுகாப்பு கருதி ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மட்டுமே உள்ளே அனுமதி.