கட்டுமரத்தில் தண்ணீர் நிரம்புமா?

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் கடற்கரைக்குப் பத்து நிமிட நடையில் இருந்த ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது நோட்டிலும் ஒரே பசுதான் நிற்கும், நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பசு. ஒரு கதை சொல்லுங்கள் என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அதனால் பாண்டி பஜாரில் ஒரு சிறுவர் நாவல் வாங்கினேன். காணாமல்போன அப்பாவைத் தேடி அண்ணனும் தங்கையும் கட்டுமரத்தில் போகும் கதை. தினமும் கடைசிப் பீரியடில் ஓர் அத்தியாயம் படிப்பேன். முடித்ததும், “அப்புறம் என்ன ஆகும்?” என்று கேட்பேன். “நீங்களே சொல்லிடுங்க டீச்சர்” என்பார்கள்.

ஐந்தாம் நாள் கதையில் புயல் அடித்தது. கட்டுமரத்துக்குள் தண்ணீர் நிரம்பியது. பிள்ளைகள் இருவரும் தகர டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்கள். நான் குரலை ஏற்றி இறக்கிப் படித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். குப்பத்திலிருந்து வருகிறவள், அப்பா மீன் பிடிப்பவர்.

“என்னடி சிரிப்பு?”

“புக்குல தப்பா போட்டுக்கீது டீச்சர். கட்டுமரத்துல தண்ணி எப்டி ரொம்பும்?”

“அச்சடிச்ச புஸ்தகத்துல தப்பா போடுவாளா? பேசாம உக்காரு.”

உட்கார்ந்தாள். முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் மேலே படித்தேன்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்குப் போனேன். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். கட்டுமரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தது அன்றுதான். நாலைந்து மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். பக்கச் சுவர் இல்லை, பள்ளம் இல்லை. அலை ஏறினால் இடுக்கு வழியாக வழிந்துவிடும். வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பினேன். “புஸ்தகத்துல தப்புதான். உன்னை அதட்டினது அதைவிடத் தப்பு. புயல்ல நிஜமா என்ன ஆகும், நீயே சொல்லு.”

பாவாடையைக் கசக்கிக்கொண்டே ஆரம்பித்தாள். “மரம் முழுவாது டீச்சர். கவுந்துக்கும். கவுந்தாலும் புடிச்சிக்கினு மேல ஏறிக்கலாம். கயிறு அவுந்தாத்தான் பயம். மரம் ஒண்ணொண்ணா பூடும்.”

“ஐயோ, தங்கச்சி?” என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

“தங்கச்சி இன்னா பண்ணுச்சி, பாய்த்துணியக் கிழிச்சி, முறுக்கி, அவுந்த மரத்தச் சேத்துக் கட்டுச்சி.”

இது புத்தகத்தில் இல்லை. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அவர்களை அடக்குவதுதான் எனக்கு வேலையாயிற்று. காணாமல்போன அப்பா திருவல்லிக்கேணி மேன்ஷனில்தான் இருப்பார், தன் மாமாவும் அங்கேதான் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று ஒருவன் சாதித்தான். இல்லை, தி. நகரில் ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறார் என்றாள் இன்னொருத்தி. எல்லாரையும் எழுதச் சொன்னேன்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். “இது கிளாஸா, மார்க்கெட்டா?” நோட்டுகளை நீட்டினேன். நின்றபடியே புரட்டினார், பிறகு மொத்தத்தையும் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் காலை நோட்டுகளோடு வந்து, “அந்த மேன்ஷன்காரன் கதையைப் பாதியில விட்டுட்டானே, அப்பா கிடைச்சாரா இல்லையா?” என்று கேட்டார்.

அந்த வாரமே, நாவலை எழுதியவருக்குப் பதிப்பகத்தின் விலாசத்தில், கட்டுமரத் தப்பைக் கண்டுபிடித்தவளையே ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினேன். மூன்று வாரம் கழித்து அவள் பேருக்கே ஒரு கார்டு வந்தது. தன் ஊரில் கடல் இல்லையென்றும், கட்டுமரத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பதாகவும், அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை அவள் சொன்னபடி மாற்றுவதாகவும் எழுதியிருந்தார்.

அவள் அதை வகுப்பின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கிப் படித்தாள். உடனே இரண்டாம் முறை, கொஞ்சம் வேகமாக. பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு வாட்டி படிக்கட்டா டீச்சர்?” என்றாள்.

“படி” என்றேன்.